கேள்வி கேட்ட பாதிரிமார்

தரங்கம்பாடிக்கு வந்த புதிதில் செய்த ஒரு காரியத்தை ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்க் தாமே கடிதத்தில் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். வழியில் ஒரு கோயில். சிவனுடைய தேவிக்கு உரியது என்று அவர் அறிந்துகொண்டார். அம்மனைச் சுற்றி ஏராளமான மண் உருவங்கள் இருந்தன. அவரும் உடன் வந்தவர்களும் சிலவற்றைக் கீழே தள்ளினார்கள், சிலவற்றின் தலையை உடைத்தார்கள். தன்னையே காத்துக்கொள்ளத் தெரியாதது உங்களை எப்படிக் காக்கும் என்று அங்கிருந்தவர்களிடம் வாதாடினார்கள். பண்டிதர் ஒருவர் பதில் சொன்னார். இவற்றை நாங்கள் கடவுள் என்று சொல்லவில்லையே, இவை கடவுளின் சேவகர்கள், காவல்காரர்கள் என்றார். பேச்சு நீண்டபோது, பாமர மக்களின் மனத்தை மறுமையின் பக்கம் திருப்புவதற்காகச் செய்துவைத்த ஏற்பாடு இது என்றும் விளக்கினார். இந்தக் கடிதம் 1709-இல் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சாகிப் பலரால் படிக்கப்பட்டது.

உடைத்தவருக்குத் தாம் உடைப்பது என்னவென்று தெரிந்திருக்கவில்லை. விசுவாசத்தைப் பிறருக்குச் சொல்லப் போகிறவர்கள் அன்பையும் பணிவையும் பற்றி நிறையப் பேசுவது வழக்கம். அந்தப் பணிவு நடைமுறையில் எப்படி இருக்கும், எங்கே நிற்கும், யாரிடம் செல்லாது என்று பார்க்க, சீகன்பால்கின் கதையைவிட நல்ல சான்று தமிழ் மண்ணில் குறைவு. சிலைகளை உடைத்த அதே மனிதர் ஏழாண்டுக்குள் தமிழரின் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். அய்யனார், மாரியம்மன், பிடாரி, அங்காளம்மன் என்று கிராம தேவதைகளுக்கே அதில் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தார். அவர் மதம் மாறவில்லை, தம் விசுவாசத்தில் இம்மியும் தளரவுமில்லை. அந்த ஏழாண்டில் கற்றுக்கொண்டது வேறு.

கிறிஸ்தவ வேதத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் பவுல் ஆதென்ஸ் பட்டணத்துக்கு வருகிறார். எங்கு பார்த்தாலும் விக்கிரகங்கள் நிறைந்திருப்பதைக் கண்டு அவருடைய ஆவி கொதிக்கிறது. ஆனாலும் அவர் எதையும் உடைக்கவில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்கிறார், பலிபீடத்தில் எழுதியிருப்பதை வாசிக்கிறார். பேச எழுந்தபோது அந்த ஊராரின் வழிபாட்டில் தொடங்கி, கிரேக்கக் கவிஞர்களின் வரிகளையே எடுத்தாள்கிறார். கேட்டவர்களில் சிலர் கேலி செய்தார்கள், சிலர் பிறகு பார்ப்போம் என்றார்கள், ஒரு சிலர் நம்பினார்கள். பேதுருவின் முதல் நிருபமும் இதையொட்டியே பேசுகிறது. உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று கேட்கிறவர்களுக்குப் பணிவோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பது அதன் கருத்து. அந்த அறிவுரையில் முதலில் ஒருவர் கேட்கிறார், பதில் அதற்குப் பிறகுதான் வருகிறது. பிரசங்க மேடைகளில் இந்த வரிசை பெரும்பாலும் மறந்துபோகிறது.

1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் கரையேறியபோது சீகன்பால்குக்கு 24 வயது நிறையவில்லை. ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியின் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர். ஹாலே நகரில் பிராங்கேயின் பக்தி இயக்கத்தில் ஊறியவர். கூட வந்தவர் ஹென்ரிக் புளூட்சோ. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். தரங்கம்பாடி 1620 முதல் டேனியக் கம்பெனியின் வியாபாரத் தளம். அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்த இரண்டு இளைஞர்களின் வருகை பிடிக்கவேயில்லை. மதத்தைப் பேசி ஊரைக் கலக்கினால் வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கணக்கு. தளபதி ஹாசியுஸ் முதல் நாளிலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த நிராகரிப்பு ஒரு வகையில் நல்லதாயிற்று. சொந்த இனத்தாரிடம் மதிப்பிழந்தவர்கள் தமிழ் கற்க உள்ளூர் வாத்தியார் ஒருவரிடம் போனார்கள். அவருக்கு எழுபது வயது இருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தங்கள் வீட்டுக்கே மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார்கள். குருப்பட்டம் பெற்று, கடல் கடந்து போதிக்க வந்தவர்கள் முதலில் செய்த வேலை மாணவராவது. வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. பொருள் விளக்குவதற்கு அழகப்பன் என்பவர் கிடைத்தார். மிஷன் ஏடுகள் இவரை 'அலெப்பா' என்று எழுதுகின்றன. கம்பெனியில் துபாஷியாக இருந்த இவர் போர்ச்சுக்கீசியம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர்.

சில ஆண்டுகளில் சீகன்பால்கின் அன்றாட வேலைமுறையே வேறாகிவிட்டது. காலையில் ஒரு மணி நேரம் முந்தைய சொற்களைத் திரும்பப் படிப்பது, அதன்பின் நண்பகல் வரை ஓலைச் சுவடிகளை வாசிப்பது. பக்கத்தில் ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். பிற்பகலிலும் அதே வேலைதான். இருட்டிய பிறகு கண்ணுக்கு ஓய்வு கொடுக்க, யாராவது வாசிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். சில நூல்களை நூறு முறை படித்ததாக எழுதியிருக்கிறார். தமிழர் நெறிமுறையற்றவர்கள், அவர்கள் மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்காது என்று தொடக்கத்தில் தாமும் நினைத்ததாகவும், நூல்களைப் படித்த பிறகே அது தவறென்று தெரிந்ததாகவும் ஒப்புக்கொண்டார்.

1708-இல் தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு அவர் ஒரு விளக்கப் பட்டியல் தயாரித்தார். கிறிஸ்தவ, இஸ்லாமிய நூல்கள் போக, இந்துத் தமிழ் நூல்கள் மட்டும் 119. திருக்குறளும் அதில் உண்டு. அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். சுவடிகள் சேர்ந்த விதம் அவ்வளவு அழகானதல்ல. எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, பிராமண விதவைகளிடமிருந்து மலிவாக வாங்கிக்கொண்டார். வறுமையில் விற்ற சுவடிகள் அவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நூலறிவு மட்டும் போதாது என்று பட்டதால் 1712-இல் அவரும் சக ஊழியர் க்ரூண்ட்லரும் ஒரு புதிய வேலையைத் தொடங்கினார்கள். கேள்விகளை எழுதித் தமிழ்க் கற்றோருக்கு அனுப்பிப் பதில் கேட்டார்கள். உலகம் எப்படி உண்டானது? ஆன்மா சாவுக்குப் பின் எங்கே போகிறது? பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கிறீர்கள்? வைத்தியம் எப்படி? பெண்கள் நிலை என்ன? கேள்விகள் இப்படி நாலாபக்கமும் விரிந்தன. அவற்றுள் இரண்டு, சுவிசேஷகர் எவரும் கேட்கத் தயங்குபவை. கிறிஸ்தவர்களையும் அவர்கள் மார்க்கத்தையும் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறீர்கள்? நீங்கள் ஏன் கிறிஸ்தவராவதில்லை?

பதில்கள் வந்தன. மொத்தம் 99 கடிதங்கள். 55 கடிதங்கள் 1714-இலும், 44 கடிதங்கள் 1717-இலும் ஹாலேயின் மிஷன் அறிக்கைகளில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாக வெளியாயின.

கடிதக்காரர்கள் முகத்தாட்சண்யம் பார்க்கவில்லை. உங்கள் வேதத்தில் நல்லது இருக்கலாம், உங்கள் ஆட்கள் நடக்கிற நடை அப்படி இல்லையே என்பது திரும்பத் திரும்ப வரும் குறை. மாட்டிறைச்சி தின்கிறார்கள், சாராயம் குடித்து வெறிக்கிறார்கள், மலங்கழித்தால் கழுவுவதில்லை, வீட்டுக்குள்ளேயே எச்சில் துப்புகிறார்கள். கம்பெனிச் சிப்பாய்களையும் மாலுமிகளையும் அன்றாடம் பார்த்தவர்கள் சொன்னது இது. இதைவிட ஆழமான பதில் ஒன்றும் உண்டு. எல்லாரையும் படைத்த கடவுள் ஒவ்வொரு சாதியாருக்கும் ஒவ்வொரு மார்க்கத்தைக் கொடுத்திருக்கிறார், அவரவர் மார்க்கத்தில் நேர்மையாக நடந்தால் அவரவர் கரையேறலாம். ஒரே வழியைச் சொல்ல வந்தவர்களுக்கு இது எளிதில் மறுக்க முடியாத பதில்.

அச்சிட்ட இடத்தையும் கவனிக்க வேண்டும். ஹாலே அறிக்கைகள் ஐரோப்பாவின் நன்கொடையாளர்கள் படிக்கும் ஏடு. பணம் தருகிறவர்களிடம் வெற்றிக் கணக்கைத்தான் எந்த மிஷனும் காட்ட விரும்பும். அந்த ஏட்டிலேயே, உங்கள் ஆட்களின் நடத்தையைப் பார்த்தால் உங்கள் மதத்தில் சேரத் தோன்றவில்லை என்ற குரல் அச்சேறியது. பதிப்பாசிரியர்கள் மறுப்புக் குறிப்புகள் சேர்க்காமலில்லை. வேறு நோக்கமும் இருந்தது. பெயரளவில் கிறிஸ்தவராக இருந்த ஐரோப்பியரைக் கண்டிப்பது பக்தி இயக்கத்தாரின் பழைய வேலை. 'அஞ்ஞானிகள்' கூட உங்களைப் பார்த்து முகஞ்சுளிக்கிறார்கள் என்று காட்டத் தமிழரின் கடிதங்கள் அவர்களுக்குப் பயன்பட்டன. நோக்கம் எதுவாயினும் விமர்சனம் பதிவாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் ஐரோப்பியரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று அறிய இன்றைய ஆய்வாளர்கள் எடுக்கும் முதல் ஆவணங்களில் ஒன்று இது.

இந்த ஆவணத்தில் ஒரு சிக்கல் உண்டு. கிடைத்திருப்பவை ஜெர்மன் மொழிபெயர்ப்பு மட்டுமே, கடிதக்காரர்களின் பெயர்களும் இல்லை. ஜெர்மன் ஆய்வாளர் கர்ட் லீபாவ் 1998-இல் இக்கடிதங்களை மறுபதிப்புச் செய்தபோது, இவற்றில் பெரும்பகுதியை எழுதியவர் அழகப்பனாகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அப்படியானால் நாடெங்கும் கேட்டு வாங்கிய பதில்கள் என்ற சித்திரம் கொஞ்சம் சுருங்குகிறது. மற்றொரு சித்திரமோ பெரிதாகிறது. அழகப்பன் மிஷனுக்கு உதவிய காரணத்தாலேயே தளபதியின் கோபத்துக்கு ஆளாகி ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர், தஞ்சை அரசின் ஆட்களிடம் சிக்கிச் சிறையும் பட்டவர். இவ்வளவுக்குப் பிறகும் அவர் கிறிஸ்தவராகவில்லை. பக்கத்திலேயே இருந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, ஏற்கவில்லை என்பதையும் எழுத்தில் சொன்ன ஒருவரை வேலையிலும் நட்பிலும் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால், 99 பேரிடம் கேட்டதைவிட அது கடினமான காரியம்.

சீகன்பால்கைப் புனிதராக்கிவிட வேண்டாம். ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்து அச்சுகள் வந்து சேர்ந்ததும் 1713-இல் தரங்கம்பாடியில் அச்சான முதல் சிற்றேடுகளில் ஒன்று அஞ்ஞானம் எவ்வளவு அருவருப்பானது என்று விளக்குவது. எழுதியவர் அவர்தான். அதே 1713-இல்தான் தமிழர் தெய்வங்களின் வம்சாவளி பற்றிய நூலையும் முடித்தார். ஒரே கை இரண்டையும் எழுதியது. தெருவுக்கு ஒன்று, அறிஞர்களுக்கு ஒன்று என்று அவர் பிரித்துக்கொண்டதாகத் தோன்றுகிறது. கண்டிக்க வேண்டுமானாலும் முதலில் சரியாக விவரிக்க வேண்டும் என்ற நேர்மை இரண்டாவது நூலில் இருக்கிறது. தமிழ் நூல்களையும் கடிதங்களையும் கொண்டே தெய்வங்களை வரிசைப்படுத்துகிறார். முன்பு பண்டிதர் சொன்ன காவல் தெய்வங்களின் உலகம் அங்கே தன் சொந்தக் கதைகளோடு, சொந்தச் சடங்குகளோடு வருகிறது.

அந்த நூலின் கையெழுத்துப் படி ஹாலேக்குப் போனது. அச்சாகவில்லை. மிஷனரிகளை அனுப்பியது அங்கே அஞ்ஞானத்தை ஒழிக்க, அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது பிராங்கே சொன்னதாக வழங்கும் காரணம். 1867-இல் வில்ஹெல்ம் ஜெர்மான் சென்னையில் அதைப் பதிப்பிக்கும் வரை 154 ஆண்டுகள் அது உறங்கியது. வயலில் இறங்கியவர் கற்றுக்கொண்டதைத் தலைமையகம் ஏற்க மறுப்பது மதத்துறையில் மட்டும் நடப்பதல்ல. ஆனால் இந்த ஒரு மறுப்பால் ஐரோப்பாவின் இந்திய அறிவு எத்தனை தலைமுறை பின்தங்கியது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பணிவு என்றால் அதிகாரத்துக்கு முன் வாய்மூடி நிற்பது என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தமிழ் நாவிதரின் விதவைக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் கடன் வழக்கு. இறந்த கணவரின் கணக்கில் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் நடந்ததாக சீகன்பால்க் கருதினார். பலமுறை தலையிட்டார். டேனியர்களின் ஆலயத்தில் தளபதி ஹாசியுஸ் முன் மண்டியிட்டு முறையிடும்படி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அத்தனை பேர் முன்னிலையில் அப்படி நடந்தது தளபதிக்குப் பெரிய அவமானம். வந்து பதில் சொல் என்று ஆளனுப்பினார். எழுத்து மூலமாகக் கேளுங்கள் என்றார் பாதிரியார். 1708 நவம்பரில் டான்ஸ்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

பணிவை வேறொருவர் மேல் சுமத்துவதும் நடந்தது. கோபன்ஹேகனில் மிஷனை நிர்வகித்த கழகத்தின் செயலாளர் கிறிஸ்தியான் வெண்ட்டுக்கு, மிஷனரி என்றால் அப்போஸ்தலரைப் போல வெறுங்கையோடு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். பள்ளிக்கூடம், கட்டடம், அச்சகம், பிள்ளைகளுக்குச் சோறு எல்லாம் உலகக் காரியங்கள், பெருமைக்கு வழி. ஆன்மாவுக்குச் செய்யும் ஊழியமும் உடலுக்குச் செய்யும் ஊழியமும் பிரிக்க முடியாதவை என்று சீகன்பால்க் பதில் எழுதினார். கோபன்ஹேகனின் அலுவலக அறையில் உட்கார்ந்துகொண்டு தரங்கம்பாடியின் வெயிலில் இருப்பவருக்கு எளிமையைப் போதிப்பது சுலபம். வெண்ட்டின் கடுமையான கடிதங்கள் ஏற்கெனவே நலிந்திருந்தவரை இன்னும் தளர்த்தின. 1719 பிப்ரவரி 23-இல் 36 வயதில் அவர் இறந்தார். தாம் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார்.

இதே மிஷனில் 1750-இல் வந்து சேர்ந்த ஷ்வார்ட்ஸின் கதை தஞ்சை, திருச்சி வட்டாரத்துக்கு நன்கு தெரிந்தது. நம்பிக்கைக்கு உரியவர் என்ற பெயர் அவர் பிரசங்கங்களுக்கு வெகுதூரம் முன்னால் போயிற்று. 1779-இல் ஆங்கிலேயர் ஹைதர் அலியிடம் தூதனுப்ப ஆள் தேடியபோது, ஹைதரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று இவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைக் கொண்டுபோய் ஆங்கிலேய அரசிடம் ஒப்படைத்தார், நீரே வைத்துக்கொள்ளும் என்ற பிறகு பள்ளிக்கூட நிதியில் சேர்த்தார். தஞ்சை மன்னர் துளஜா சாகும் தறுவாயில் தத்துப்பிள்ளை சரபோஜியைக் காக்கும் பொறுப்பில் இவரையும் சேர்த்தார். துளஜாவுக்குப் பின் ஆண்ட அமரசிம்மன் காலத்தில் அந்தப் பிள்ளைக்குக் கல்வியும் பாதுகாப்பும் கிடைக்க ஷ்வார்ட்ஸ் போராடினார். 1798-இல் சரபோஜி அரசரானார். ஷ்வார்ட்ஸ் அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்திருந்தார். சிற்பி பிளாக்ஸ்மனிடம் சரபோஜி சொல்லிச் செய்த பளிங்கு நினைவுச் சின்னத்தைத் தஞ்சை ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைப் பிடித்தபடி மன்னர் நிற்கிறார். ஷ்வார்ட்ஸின் கல்லறைக் கல்லில் உள்ள ஆங்கிலப் பாட்டு சரபோஜியே எழுதியது.

சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். மதமாற்றக் கணக்கு எழுதுபவர் இதைத் தோல்வி வரிசையில் சேர்ப்பார். ஷ்வார்ட்ஸ் அந்தக் கணக்கைப் பார்த்துப் பிள்ளையை வளர்த்ததாகத் தெரியவில்லை.

மிஷனின் பணிவு யாரிடம் நின்றது என்பதற்கு ராஜநாயக்கன் சாட்சி. பறையர் சமூகத்தில் பிறந்த கத்தோலிக்கர், தஞ்சைப் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷங்களைத் தாமாகவே படித்து, 1720-களின் இறுதியில் தாமாகவே லுத்தரன் மிஷனைத் தேடி வந்தார். வெகுகாலம் உபதேசியாராக உழைத்தார், வேதத்தில் தேர்ந்தவர், துன்பங்களுக்கு அசையாதவர். 1733-இல் முதல் தமிழ் லுத்தரன் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றார். 1741-இல் தியோகு. ராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது, ஆனால் அவருக்குப் பட்டம் வரவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். மிஷனரிகள் அந்த எதிர்ப்புக்கு இணங்கிப் போனார்கள். ராஜநாயக்கன் 1771-இல் உபதேசியாராகவே இறந்தார்.

இதற்கு நூறாண்டுக்கு முன்பே மதுரையில் இதே முடிச்சு விழுந்திருந்தது. 1606-இல் வந்த இயேசு சபையின் ராபர்டோ டி நோபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சிவதர்மரிடம் சமஸ்கிருதம் கற்று, சந்நியாசியாகவே வாழ்ந்தார். பிற பண்பாட்டை மதிப்பதில் அவ்வளவு தூரம் போன ஐரோப்பியர் அந்நாளில் இல்லை. ஆனால் பிராமணரை நெருங்குவதற்கு அவர் கொடுத்த விலை மற்றவர்களிடமிருந்து விலகியிருப்பது. கற்றவர்களின் தத்துவத்துக்குக் காது கொடுப்பது கடினம்தான், அதைச் செய்தவர்களுக்குப் பாராட்டு உண்டு. சேரியின் குரலுக்கு அதே காதைக் கொடுத்தார்களா என்பதே உண்மையான சோதனை. தரங்கம்பாடியின் 99 கடிதங்களிலும் எழுதத் தெரிந்தவர்களின் குரல்தான் இருக்கிறது.

மிஷன்களில் வெள்ளைக்காரர் மேலே, இந்தியர் கீழே என்றிருந்த வரிசை இருபதாம் நூற்றாண்டில் ஓரிடத்தில் தலைகீழானது. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு மருத்துவர்கள். சவரிராயன் ஏசுதாசன் தமிழர், எர்னெஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. கதர் உடுத்தி, பிரமச்சரியம் காத்து, நோயாளிகளைப் பார்த்து வாழ்ந்தார்கள். ஊரார் தமிழரைப் பெரியண்ணன் என்றும், வெள்ளைக்காரரைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். மிஷன் பங்களாவில் வெள்ளைக்காரத் துரையும் அவருக்குக் கீழே இந்திய உபதேசியாரும் இருந்த காலத்தில் இந்த இரண்டு பெயர்கள் சாதாரணமல்ல. 1932-இல் சென்னையில் கதரோடு நின்ற பேட்டன் போலீஸ் தடியடிக்கு ஆளான செய்தி லண்டன் பாராளுமன்றம் வரை போனது.

அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் இதே ஆண்டுகளில் வேறொரு வழியைப் பார்த்தார். கிறிஸ்தவம் இந்தியாவில் அந்நியமாக இல்லாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று காந்தியிடமே கேட்டார். காந்தி சொன்ன ஆலோசனைகளை 1925-இல் வந்த தம் நூலில் பதிவு செய்தார். இயேசுவைப் போல வாழத் தொடங்குங்கள், உங்கள் மதத்தை நீர்க்கச் செய்யாமல் கடைப்பிடியுங்கள், அன்பை நடுவில் வையுங்கள், மற்ற மதங்களை அவற்றின் நல்லதைத் தேடிப் படியுங்கள் என்பவை அவை. இரண்டாவது ஆலோசனை பலருக்கு வியப்பாக இருக்கும். மதத்தை மழுப்பிப் பேசுவது பணிவாகாது என்று சொன்னவர் ஓர் இந்து. ஜோன்ஸ் நடத்திய வட்டமேசைக் கூட்டங்களில் பல மதத்தவரும் உட்கார்ந்தார்கள். வாதம் கூடாது, அவரவர் மதம் அவரவர் வாழ்க்கையில் என்ன செய்தது என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது விதி.

விதிகளை எழுதி வைக்கும் முயற்சி 2011-இல் பெரிய அளவில் நடந்தது. உலகத் திருச்சபைகளின் மன்றம், வத்திக்கானின் மதங்களிடை உரையாடலுக்கான அவை, உலக நற்செய்தியாளர் கூட்டணி மூன்றும் சேர்ந்து, பல சமய உலகில் கிறிஸ்தவ சாட்சி பற்றிய நடத்தைப் பரிந்துரைகளை அந்த ஆண்டு ஜூன் 28-இல் வெளியிட்டன. ஒருவருக்கொருவர் எளிதில் ஒத்துப்போகாத மூன்று தரப்புகள் இவை. வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி ஆசை காட்டுவது கூடாது, பிற மதத்தைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது, மதம் மாற நினைப்பவருக்கு யோசிக்கப் போதுமான அவகாசம் வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. வேலை தொடங்கியது 2006-இல் இத்தாலியின் லாரியானோவில். அந்த முதல் கூட்டத்தில் இந்து, பௌத்த, இஸ்லாமிய, யூதப் பிரதிநிதிகளும் ஆப்பிரிக்க யோருபா மதத்தவரும் கலந்துகொண்டார்கள். மதமாற்றத்தால் புண்பட்டவர்களின் பேச்சைக் கேட்ட பிறகே கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் எழுத உட்கார்ந்தார்கள்.

இந்தியாவில் இந்தப் பேச்சு சட்டத்தின் நிழலிலேயே நடக்கிறது. அரசமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977-இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-இல் விலக்கப்பட்டது. சட்டம் இருந்தால் பணிவு வந்துவிடும் என்பதும், சட்டம் போனால் குறை தீர்ந்துவிடும் என்பதும் இரண்டும் பொய்க் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரரின் தெய்வத்தைப் பேய் என்று ஒலிபெருக்கியில் சொல்வதைத் தடுக்க ஓரளவுக்கு மேல் எந்தச் சட்டத்தாலும் முடியாது.

2011 ஆவணத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பரிந்துரை உண்டு. ஒவ்வொரு சபையும் தன் சூழலுக்கு ஏற்ற நடத்தை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும், இயன்ற இடங்களில் பிற மதத்தவரையும் கலந்துகொண்டு அதைச் செய்ய வேண்டும் என்பது அது. தமிழ்நாட்டில் ஒரு சபை இதைக் கையிலெடுத்தால் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், நீங்கள் ஏன் எங்களோடு சேர்வதில்லை என்ற 1712-ஆம் ஆண்டுக் கேள்விகள் இரண்டையும் அப்படியே அனுப்பலாம். அன்று விட்டுப்போன முகவரிகளையும் இம்முறை சேர்த்துக்கொள்ள வேண்டும். வரும் பதில்களைச் சபையின் மாத இதழில், மறுப்புக் குறிப்பு போடாமல் அச்சிட எத்தனை பேர் ஒப்புவார்கள் என்பது அடுத்த பிரச்சினை.